முப்பது மடங்கு

வீரய்யா விதை உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கடைசிக் காம்பிராவைத் தாண்டும்போதுதான் பரிமளம் அவனைப் பார்த்தாள். பீலித் தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். மூட்டை வாயில் இருந்த நீலக் கயிறு அவள் கட்டியது. ஆறு வாரமாக அந்தக் கிழங்கை அடுப்படிப் பரணில் பரப்பி, அழுகியதைப் பொறுக்கி எறிந்து, முளை விட விட்டுக் காத்திருந்தவள் அவள். அடுத்த வாரம் கொல்லையில் வரப்பெடுத்து நடவேண்டியது.

"எங்க தம்பி கொண்டு போறீங்க?"

"அண்ணந்தான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு அக்கா. இந்தத் தடவ கெழங்கு போடலியாமே. நான் ஒண்ணும் கேக்கல, அவராத்தான் கூப்பிட்டுக் குடுத்தாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் வீரய்யா மூட்டையை இறக்கலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

"சரி சரி. பாத்துப் போங்க, சேறு வழுக்குது" என்றாள், தனக்கும் தெரிந்த விஷயம்போல.

அவன் போன பிறகு சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தாள். அவள் கணவர் அழகுமுத்து கந்தப்பளை டவுனுக்குப் போயிருந்தார். கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்து, கிளினிக் கொப்பியும் பழைய ரிப்போர்ட்டுகளும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் நுவரெலியாவில் போய் எடுத்துவந்த ரிப்போர்ட் அதில் இல்லை. அன்றைக்கு அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் அதே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். அவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு அப்போது காரணம் எதுவும் இல்லை.

ஆணியில் தொங்கிய அவருடைய கம்பளிக் கோட்டின் உள்பையில் அது இருந்தது. நாலாக மடித்து, மடித்த விளிம்பு தேயும்வரை பலமுறை பிரித்துப் பார்த்த தாள். பரிமளம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு ஓடாது. ஆனால் முப்பத்தைந்து வருடம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்று, எதிர்ப்பக்கமிருந்து எழுதும் கணக்கப்பிள்ளையின் இலக்கங்களைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண் அவளுடையது. எந்த வரி என்பதும் தெரியும், அந்த மூன்று எழுத்தின் உருவம் அவளுக்கு மனப்பாடம். பி.எஸ்.ஏ. அதற்கு நேரே 0.91 என்று இருந்தது. அதற்கு முந்தியது 0.03. அதற்கு முந்தியதும் 0.03.

தாளை அதே மடிப்பில் மடித்து, எடுத்த பையிலேயே வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மூத்திரம் போகச் சிரமப்பட்டு முதன்முதலாகச் சோதித்தபோது அந்த எண் நாற்பத்தாறு. கண்டிக்கு அனுப்பினார்கள். ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்த்து, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்குப் போகவில்லை, அது ஒரு நல்லது என்றார்கள். மகள் சர்மிளா கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்த இரண்டறை வீட்டில் தங்கி ஏழு வாரம் கதிர்வீச்சு, வார்டில் எல்லாரும் சொல்கிற மாதிரி 'கரண்டு புடிக்கிறது'. அதற்கு முன்னாலேயே ஆரம்பித்து, பின்னாலும் தொடர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி. இரண்டு வருடம். ஊசி போட்ட நாளிலிருந்து அந்த எண் மலையிலிருந்து உருண்ட கல்மாதிரி இறங்கியது. நாற்பத்தாறு மூன்றாகி, மூன்று 0.2 ஆகி, கடைசியில் 0.03 ஆனது. அன்றைக்கு அழகுமுத்து இரண்டு கிலோ திராட்சை வாங்கிவந்து லயத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். "நோவு போயிருச்சி புள்ள" என்றார்.

எண் இறங்கியதோடு வேறு பலவும் இறங்கின. முதலில் வந்தது அந்தச் சூடு. அழகுமுத்து முப்பத்தொரு வருடம் தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை காய்ச்சும் டிரையருக்குப் பக்கத்தில் நின்றவர், சூடு அவருக்குப் புதிதில்லை. ஆனால் இது எங்கிருந்தோ நெஞ்சில் கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறி, ஒரு நிமிடத்தில் ஆளை நனைத்துவிட்டுப் போனது. தை மாதத்து விடியற்காலையில், புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்திருக்கும்போது, அவர் பனியனோடு வாசலில் நின்றார். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. பேய் பிடித்திருக்கிறதா என்று பக்கத்துக் காம்பிராவில் கேட்டார்கள். காய்ச்சல் என்று நினைத்து அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பரிமளத்துக்குச் சட்டென்று புரிந்தது.

"ஏங்க, இது எனக்கு வந்ததுதாங்க."

"என்னாது?"

"தீட்டு நிக்கிற காலத்துல எனக்கு வரலியா? மலையில கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுன படங்க அவுத்துப் போட்டுட்டு நிப்பேனே. நீங்க கூட எனக்குக் காய்ச்சல்னு பனடோல் வாங்கியாந்தீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அப்ப நான் பொம்பளயாயிட்டேன்னு சொல்ற." அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மார்பு இரண்டும் மெல்லப் புடைத்து, சட்டை உரசினாலே வலித்தது. அவர் பீலியில் குளிப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குள் வாளியில் தண்ணீர் வைத்துக் குளித்தார். ஒரு பிடி மண்வெட்டி வேலைக்கே மூச்சு வாங்கியது. இரத்தம் குறைந்திருப்பதாக ரிப்போர்ட் சொன்னது, அதுவும் ஊசியால்தான் என்றார்கள். டீவியில் யாராவது அழுதால் இவரும் அழுதார். ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். வேர்வை நாற்றம், உனக்குத் தூக்கம் கெடுது என்றார். காரணம் அதுமட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அறுபது வயதுக்கு மேல் அதைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களுக்குள் வார்த்தையே கிடையாது. இருந்த காலத்திலும் அதைப் பேசி நடத்தியவர்களில்லை.

போன வருடம் மாசியில் கடைசி ஊசி. அதன் பிறகும் பல மாதம் எல்லாம் அப்படியேதான் இருந்தது. தீபாவளி கழிந்து ஒவ்வொன்றாக மாறியதை அவள் வெளியே சொல்லாமல் கவனித்துவந்தாள்.

மாலையில் அவர் வந்ததும் பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"வீரய்யாவுக்குக் கெழங்கக் குடுத்திட்டீங்களா?"

"ஆமா. கேட்டான்."

"கேக்கலன்னு சொல்லிட்டுப் போறாரு."

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். அவள் கண் ஆணியில் தொங்கிய கோட்டுக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

"முப்பது மடங்கு புள்ள" என்றார். "நான் கணக்குப் பண்ணிப் பாத்தேன். ஆறு மாசத்துல முப்பது மடங்கு. அடுத்த ஆறு மாசத்துல என்னா ஆகும்? கெழங்கு வெளையிற வரைக்கும் நான் கொல்லையில நிப்பேனான்னு தெரியாது. நட்டுட்டு உன் தலையில கட்டவா?"

"நாப்பத்தாறு இருக்கையில நட்டீங்களே. மருந்தடிச்சி, மண்ணணச்சி, எல்லாம் செஞ்சீங்க. இப்ப அது ஒண்ணு கூட இல்ல."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப தெரியும்."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அவள் எழுந்துபோய் அதைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் தலை குனிந்தபடியே பேசினார்.

"சாவப் பத்திக்கூட இல்ல. இத காட்டினா மறுபடி அந்த ஊசியத்தான் போடச் சொல்லுவாங்க. அது என்னால ஏலாது. இப்பதான் நாலஞ்சி மாசமா நான் பழைய ஆளா இருக்கேன். மண்வெட்டி புடிக்கிறேன். ராவுல முழிச்சி உக்காந்து அழுவுறதில்ல. இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்திட்டுப் போறேன். கிளினிக்குக்குப் போக வேணாம்."

பரிமளத்துக்கு அழுகை வந்தது. அதை விழுங்கினாள். அவர் ஒளித்தது ரிப்போர்ட்டை மட்டுமல்ல என்று இப்போது விளங்கியது. ஒரு மனிதன் இரண்டு வருடம் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டெடுத்ததைக் கையில் பொத்தி வைத்திருக்கிறான், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து. அதைக் குற்றமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஊசி வேணாம்னா வேணாம்" என்றாள். "அத டொக்டர்கிட்டப் போயி சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்னா? நான் ஊசி போடுற ஆளா? செவ்வாக்கெழம கிளினிக் நாளு. நானும் வாரேன்."

அவர் செவ்வாய்க்கிழமை அதிகாலையில் அவளுக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்திருந்தார்.

கண்டி கிளினிக்கில் உட்காரும் வாங்குகள் நிரம்பியிருந்தன. எல்லாரும் அறுபது, எழுபது வயது ஆண்கள், பக்கத்தில் பையை மடியில் வைத்த மனைவிமார், சிலருக்கு மகன். யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை, ஆனால் ஒருவர் எழுந்து உள்ளே போகும்போது எல்லாரும் அவர் நடையைப் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு அழகுமுத்துவின் பெயர் கூப்பிட்டார்கள். டொக்டர் சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும். பதுளைப் பக்கம் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. கொப்பியைப் புரட்டி, புதிய ரிப்போர்ட்டைப் பிரித்து, மடிப்புத் தேய்ந்திருந்ததைக் கவனித்து ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயாவுக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல டொக்டர். நல்லாருக்கேன்."

"உடம்புல ஏதாவது மாற்றம்?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

பரிமளம் பொறுத்துப் பார்த்தாள். அவர் அதற்குமேல் வாயைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"இருக்கு டொக்டர். அந்த வேர்வ நின்னுருச்சி. தீபாவளிக்குப் பெறகு ரெண்டு தடவதான் வந்திச்சி, அப்புறம் இல்ல. ஊசி போடையில வாரத்துக்கு ஒருக்கா சவரம் பண்ணுவாரு, இப்ப ஒண்ணுவிட்டு ஒரு நாள் பண்றாரு. சட்ட ஒரசி மாரு வலிக்குதுன்னு இப்ப சொல்றதில்ல. கொல்லையில ரெண்டு மணித்தியாலம் வேல செஞ்சாலும் மூச்சு வாங்கல. கோவம் வருது. முந்தி யாரு என்னா சொன்னாலும் அழுவாரு, போன மாசம் தண்ணி மொறைக்காகப் பக்கத்து டிவிசன் ஆளுங்களோட சண்ட புடிச்சிட்டு வந்தாரு." அவள் நிறுத்தினாள்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "வேற?"

பரிமளம் மேசைக் காலைப் பார்த்தாள். "பொங்கலுக்குப் பெறகு இஸ்தோப்புல படுக்கிறதில்ல."

அழகுமுத்து கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை, அதை எண்ணச் சொல்லி யாரோ பணித்ததுபோல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. டொக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு.

"இந்த ரிப்போர்ட்டவிட அம்மா சொன்னதுதான் எனக்கு வேணும்" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஐயா, இத கேளுங்க. அந்த ஊசி என்ன செஞ்சது? உங்க உடம்புல இருக்கிற ஆண் ஹோர்மோன தூங்க வச்சது. இந்த நம்பர உண்டாக்கிறது அந்தச் சுரப்பி. ஹோர்மோன் இல்லாம அதுக்கு வேலை செய்ய ஏலாது. கெட்டதும் சும்மா இருந்தது, நல்லதும் சும்மா இருந்தது. அதனாலதான் நம்பர் அவ்வளவு கீழ போனது. 0.03ன்னா நோய் முழுசா போயிட்டதுன்னு நீங்க நினைச்சீங்க. அது கரண்டு காட்டின நம்பர் மட்டும் இல்ல. ஊசியும் சேர்ந்து காட்டினது."

அழகுமுத்து கண்ணை மின்விசிறியிலிருந்து இறக்கினார்.

"இப்ப ஊசியோட வேலை முடிஞ்சது. ஹோர்மோன் எழும்பிட்டது. அம்மா சொன்ன எல்லாம் அதுக்கு அடையாளம். உங்களுக்கு ஒப்பரேஷன் செஞ்சு சுரப்பிய எடுக்கல, கரண்டுதான் குடுத்தோம். மிச்சம் இருக்கிற சுரப்பி ஹோர்மோன் வந்ததும் கொஞ்சம் வேலை செய்யும். நம்பர் கொஞ்சம் ஏறும். ஏறி ஒரு இடத்துல நிக்கலாம். ஊசி நிப்பாட்டின அன்னைக்கும் இத சொன்னேன்."

சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர்கள் இருவர் காதிலும் விழுந்தது ஒன்றே ஒன்று, இனி ஊசி இல்லை என்பது.

"அப்ப நோவு திரும்பி வரலியா?" அழகுமுத்து முன்னால் சாய்ந்தார்.

"அத இந்த ஒரு நம்பர வச்சு சொல்ல ஏலாது. பொய் சொல்ல மாட்டேன் ஐயா. வந்துட்டதுன்னும் சொல்ல ஏலாது, வரலன்னும் சொல்ல ஏலாது. இன்னைக்கு ஹோர்மோன் இரத்தம் எடுக்கிறோம். மூணு மாசத்துக்குப் பிறகு இந்த நம்பர அதே இடத்துல, அதே லெப்லயே எடுங்க, வேற வேற இடம்னா கணக்கு மாறும். நின்னா நல்லது. மேல மேல போனா, ரெண்டுக்கு மேல தாண்டினா, அப்ப உக்காந்து யோசிப்போம். இப்ப ஊசி தேவையில்ல."

"நான் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் அழகுமுத்து.

"சொல்ல வேண்டியிருந்தா அப்பவும் வந்து சொல்லுங்க. வராம மட்டும் இருக்க வேணாம்."

ஹோர்மோன் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. சர்மிளா போய் எடுத்து, தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அப்பாவின் வயதுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருக்கிறதாம். கூடவே இரத்தமும் ஏறியிருக்கிறது, பதினொன்றில் இருந்தது பதின்மூன்றரை. அழகுமுத்து ஃபோனைப் பரிமளத்திடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். வீரய்யா கிழங்கை அதற்குள் நட்டு முடித்திருந்தான். திருப்பிக் கேட்க முடியாது, கேட்கவும் அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் வெற்று வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் லீக்ஸ் நாற்று வாங்கிவந்தார். கிழங்கைவிட லீக்ஸ் விளைய அதிக நாள் பிடிக்கும். பரிமளம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனாள்.

ஆனால் அந்த மூன்று மாதமும் லேசாகக் கழியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று அவர் மண்வெட்டியை வைத்துவிடுவார். ஒருநாள் சவரம் செய்யாமல் விட்டதும் உடம்பு மறுபடி தளர்கிறதோ என்று அவள் பயந்தாள், சோம்பேறித்தனம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்தி, "ஏம்புள்ள, நான் நல்லா இருக்கிறதாலதான் நம்பர் ஏறுதுன்னா, நல்லா இருக்கிறதுக்குப் பயப்படணுமா, பயப்பட வேணாமா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் பரிமளம். "சோறு ஆறுது, சாப்பிடுங்க."

வைகாசியில் இரத்தம் கொடுத்தார்கள். இந்த முறை ரிப்போர்ட் வாங்க இருவருமாகப் போனார்கள். நுவரெலியாவில் தூறல். லெப் வாசலில் நின்று அவர் தாளை அவளிடம் நீட்டினார். அவள் அந்த மூன்று எழுத்தைத் தேடிப் பிடித்து, விரலால் நேர்கோடு இழுத்துப் போனாள்.

"0.97" என்றாள்.

அவர் உதடு அசைந்தது. முன்பு முப்பது மடங்கு, இப்போது எத்தனை என்று கணக்குப் போடுவதற்குள் அவர் முகத்தின் இறுக்கம் தளர்வதை அவள் பார்த்தாள். மடங்கு என்று சொல்ல எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கண்டியில் டொக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவ்வளவு சின்ன வித்தியாசம் மெஷினாலேயே வரும் என்றார். "இன்னைக்கு நிக்குதுன்னு சொல்லலாம். இன்னும் ரெண்டு மூணு தடவ பாக்கணும். ஆவணியில வாங்க." கொப்பியில் தேதி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நுவரெலியா பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஏழு வாரம் கரண்டு பிடித்த காலத்திலும், அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வந்த எத்தனையோ முறையிலும், கண்டி வாவியை அவர்கள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்கள். "வா, கொஞ்சம் உக்காந்திட்டுப் போவோம்" என்றார் அழகுமுத்து. கரையில் ஒரு மரத்தடி வாங்கில் உட்கார்ந்து அவள் கட்டிவந்திருந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிரித்தார்கள். தண்ணீரிலிருந்து ஒரு நீர்க்காகம் ஏறிவந்து, எதிரே தாழ்ந்திருந்த கிளையில் உட்கார்ந்தது. நனைந்து ஒட்டிப்போன இறக்கை இரண்டையும் அகல விரித்து, வெயிலைப் பார்த்தபடி அப்படியே அசையாமல் நின்றது.

"ரெண்டரைக்கு பஸ்ஸுங்க" என்றாள் அவள்.

"அடுத்ததுல போவலாம்."

அவள் தாளிலிருந்த ரொட்டித் துணுக்குகளை மீன்களுக்கு உதறினாள். அவர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்க்காகம் கழுத்தை ஒருமுறை திருப்பியது, பறக்கவில்லை. இறக்கை நுனியிலிருந்து தண்ணீர் இன்னும் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.